திருச்சி – யாழ்ப்பாணம்: வான்வழித் தொலைவும் பயண நேரமும்

2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கம். இளங்கலை மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நிலப்படச் செய்முறை வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் முடிந்து படங்களைச் சுருட்டி வைக்கும் வேளையில், கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி எழுந்தாள். “சார், நம் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போனால் எவ்வளவு தூரம்? எவ்வளவு நேரம்?” என்று கேட்டாள்.

திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேரடி விமானம் அதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், 2025 மார்ச் 30 அன்று தொடங்கியிருந்தது. செய்தித்தாள்களில் படித்திருந்தேன். சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் ஒரு வகுத்தல் போட்டேன். “தூரம் 184 கிலோமீட்டர். அந்த வகை விமானத்தின் வேகம் மணிக்கு 510 கிலோமீட்டர். ஆகவே ஏறத்தாழ 22 நிமிடம்” என்று சொல்லி, மிடுக்காகக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

“ஆனால் ஒரு மணி நேரம் என்று போட்டிருக்கிறார்களே, சார்?” என்றாள் அவள்.

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. புவியியல் கற்பிக்கும் நான் தூரத்தை வேகத்தால் வகுத்துவிட்டால் பயண நேரம் வந்துவிடும் என்று எண்ணியது எத்தகைய அவசரம்! அன்றிரவு முறையாக உட்கார்ந்து கணக்கிட்டேன். அந்தக் கணக்கையும், அது என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தையும் மாணவ நண்பர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைவைக் கணக்கிடும் முறை

இரண்டு ஊர்களுக்கிடையேயுள்ள வான்வழித் தொலைவை அறிய, அவ்வூர்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரிந்தால் போதும். விமானமோ, அளவுகோலோ வேண்டியதில்லை.

புவியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். ஒரு வட்டத்துக்கு 360 பாகை. எனவே ஒரு பாகைக்கு 111 கிலோமீட்டர். பாகையின் அறுபதில் ஒரு பங்கைக் கலை என்பர். ஒரு கலைக்குரிய தூரம் 1.852 கிலோமீட்டர். இதுவே கடல் மைல். கப்பலோட்டிகளும் விமானிகளும் இன்றளவும் கடல் மைலைக் கைவிடாததற்குக் காரணம் இதுதான். நிலப்படத்தில் கோணத்தை அளந்தால் தூரம் தானே கிடைத்துவிடுகிறது. ஒரு கலை, ஒரு கடல் மைல்.

இனி நம் இரு நிலையங்களுக்கு வருவோம். திருச்சி விமான நிலையம் வட அட்சம் 10 பாகை 46 கலை, கிழக்குத் தீர்க்கம் 78 பாகை 43 கலையில் உள்ளது. யாழ்ப்பாணத்து விமான நிலையம் அமைந்துள்ள பலாலி வட அட்சம் 9 பாகை 48 கலை, கிழக்குத் தீர்க்கம் 80 பாகை 4 கலையில் உள்ளது. ஆகவே திருச்சியிலிருந்து தெற்கே 58 கலையும் கிழக்கே 81 கலையும் செல்ல வேண்டும்.

இங்கே மாணவர்கள் வழக்கமாக ஒரு தவறு செய்வார்கள். 81 கலையை அப்படியே 81 கடல் மைல் என்று எழுதிவிடுவார்கள். அது சரியன்று. அட்சரேகைகள் ஒன்றுக்கொன்று சம இடைவெளியில் ஓடுகின்றன. தீர்க்கரேகைகளோ துருவங்களை நோக்கி நெருங்கிக்கொண்டே போகின்றன. உரித்த ஆரஞ்சுப் பழத்தின் சுளைகளை நினைவுகூர்க. நடுவில் அகலம், முனையில் ஒன்றுமில்லை. ஆகவே கிழக்கு மேற்குத் தூரத்தை அவ்விடத்து அட்சத்தின் கோசைன் மதிப்பால் பெருக்க வேண்டும். நம் பகுதியில் அது 0.984. 81ஐ அதனால் பெருக்கினால் 79.7 கிடைக்கும்.

இப்போது பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றம் கைகொடுக்கிறது. தெற்கே 58, கிழக்கே 79.7. இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் கண்டால் 98.6 கடல் மைல் வரும். கலைக்கும் கீழான பின்னங்களையும் விடாமல் சேர்த்தால் 99ஐச் சற்றே தாண்டும். கிலோமீட்டரில் சொன்னால் 184.

“புவி உருண்டையாயிற்றே, தட்டையான தளத்துக்குரிய தேற்றம் இங்கே பொருந்துமா?” என்று கேட்பவர்கள் இருக்கலாம். நல்ல கேள்வி. உருண்டையின் மீது இரு புள்ளிகளுக்கிடையேயான மிகக் குறுகிய வழி பெருவட்டம் எனப்படும். தில்லியிலிருந்து நியூயார்க் செல்லும் குறுகிய வழி, சுவரில் தொங்கும் நிலப்படத்தில் நாம் இழுக்கும் நேர்கோடு அன்று. அது வடதுருவப் பகுதியை நோக்கி வளைந்து செல்வது. நம் துறையிலுள்ள புவி உருண்டையின் மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் இதை நேரில் காணலாம். ஆனால் 184 கிலோமீட்டர் போன்ற சிறு தூரத்துக்கு அந்த வளைவு பொருட்படுத்தத் தக்கதன்று.

இந்த நேர்கோட்டை நிலப்படத்தில் வரைந்து பார்த்தேன். திருச்சியிலிருந்து தென்கிழக்காகப் புறப்பட்டு, தஞ்சைக்கும் பட்டுக்கோட்டைக்கும் தெற்கே சென்று, மல்லிப்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் இடையே கரையைக் கடக்கிறது. பாதி வழிக்குச் சற்று முன்னரே கடல் வந்துவிடுகிறது. பிறகு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. அதன் மறுகரையில் காங்கேசன்துறை. அதற்கு அடுத்தாற்போல் பலாலி.

இதே முறையில் வேறு சில தூரங்களையும் கணக்கிட்டேன். திருச்சியிலிருந்து சென்னை விமான நிலையம் 293 கிலோமீட்டர். பலாலியிலிருந்து கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் 290 கிலோமீட்டர். அதாவது, திருச்சிக்குத் தன் மாநிலத் தலைநகரைவிட யாழ்ப்பாணம் பக்கம். யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பைவிடத் திருச்சி பக்கம். இத்தனை ஆண்டுகள் புவியியல் கற்பித்தும் இதை நான் ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை என்பதை இங்கே வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

மீதி நேரம் எங்கே போயிற்று?

தொலைவு கிடைத்துவிட்டது. இனி நேரம். 22 நிமிடத்தில் முடிய வேண்டிய பயணம் எவ்வாறு ஒரு மணி நேரம் ஆயிற்று?

முதலில் ஓர் உண்மையை அறிய வேண்டும். விமானக் கால அட்டவணையில் காணப்படும் நேரம், பறக்கும் நேரம் அன்று. நின்றிருக்கும் விமானத்தின் சக்கரங்கள் உருளாமல் இருக்கக் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நொடியிலிருந்து, சென்றடைந்த ஊரில் மீண்டும் கட்டை வைக்கும் நொடி வரையிலான மொத்த நேரமே அட்டவணையில் இடம்பெறுகிறது. ரயில் போலத்தான். மலைக்கோட்டை விரைவு வண்டியின் நேரத்தை நாம் திருச்சி நடைமேடையிலிருந்து சென்னை நடைமேடை வரை கணக்கிடுகிறோமேயன்றி, அது முழுவேகத்தில் ஓடிய நேரத்தை மட்டுமா கணக்கிடுகிறோம்?

அடுத்து, 510 கிலோமீட்டர் என்பது விமானம் உயரத்தை அடைந்து சமமாகப் பறக்கும்போது உள்ள வேகம். இவ்வழியில் பயன்படும் ஏ.டி.ஆர். 72 என்பது எழுபதுக்கு மேற்பட்டோர் அமரக்கூடிய, இரண்டு விசிறி எஞ்சின்களைக் கொண்ட விமானம். அது 15,000 அடி உயரத்துக்கு ஏறுவதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 1,300 அடி வீதம் ஏறினால் 12 நிமிடம் ஆகும். ஏறும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கும். பாரம் ஏற்றிய மாட்டுவண்டி மேட்டில் ஏறுவதுபோல. அந்த 12 நிமிடத்தில் அது கடக்கும் தூரம் 60 கிலோமீட்டர்.

இறங்குவதற்கு விமானிகள் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்குவதற்கும் மூன்று கடல் மைல். 15,000 அடிக்கு 45 கடல் மைல், அதாவது 83 கிலோமீட்டர். இறங்கும்போதும் வேகம் படிப்படியாகக் குறையும். சராசரி 380 கிலோமீட்டர் என்று கொண்டால் 13 நிமிடம்.

ஏறுவதற்கு 60, இறங்குவதற்கு 83. ஆக 143 கிலோமீட்டர் போய்விட்டது. மீதமிருப்பது வெறும் 41 கிலோமீட்டர். அந்த 41 கிலோமீட்டரில் மட்டுமே விமானம் தன் முழுவேகத்தில் பறக்கிறது. அதற்கு ஐந்து நிமிடம்! இவ்வளவு குறுகிய வழியில் ஜெட் விமானத்தைக் கொண்டுவந்தாலும் சில நிமிடங்களே மிச்சமாகும். முழுவேகம் பிடிப்பதற்குள் இறங்க வேண்டிய ஊர் வந்துவிடும்.

வானத்தில் மேலேறி இறங்குவதால் தூரமே கூடிவிடுகிறதோ என்று சில மாணவர்கள் கேட்டார்கள். இல்லை. 15,000 அடி என்பது நாலரைக் கிலோமீட்டர்தான். 60 கிலோமீட்டர் நீளத்தில் நாலரைக் கிலோமீட்டர் ஏறும் சாய்கோட்டை அளந்து பாருங்கள். ஏற்றத்திலும் இறக்கத்திலும் சேர்த்துக் கூடுதலாவது அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. இழப்பது தூரத்தில் அன்று, வேகத்தில்.

மேலும், விமானம் தான் விரும்பிய திசையில் எழவும் இறங்கவும் முடியாது. ஓடுபாதை எத்திசையில் இருக்கிறதோ அத்திசையில்தான் முடியும். திருச்சியின் ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. ஒரு முனையில் 09 என்றும் மறுமுனையில் 27 என்றும் எழுதியிருக்கும். அவற்றைப் பத்தால் பெருக்கினால் திசைகாட்டியின் பாகை கிடைக்கும். 90 என்றால் கிழக்கு, 270 என்றால் மேற்கு. காற்றை எதிர்த்தே எழ வேண்டும் என்பது விதி. மேல்காற்று வீசும் நாளில், தென்கிழக்கே போக வேண்டிய விமானம் முதலில் மேற்கு நோக்கி எழுந்து, பிறகு திரும்ப வேண்டும். இறங்கும் இடத்திலும் இப்படியே வளைந்து வந்து ஓடுபாதைக்கு நேராக நிற்க வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் வைப்போம்.

இனிக் கூட்டுங்கள். ஏற்றம் 12, சமவெளிப் பறப்பு 5, இறக்கம் 13, திரும்பவும் நேராகவும் 5. வானில் 35 நிமிடம். திருச்சியில் நின்ற இடத்திலிருந்து ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து சென்று அனுமதிக்குக் காத்திருக்க 10 நிமிடம். பலாலியில் இறங்கி ஊர்ந்து வந்து நிற்க 5 நிமிடம். மொத்தம் 50. எதிர்பாராத தாமதத்துக்கென்று ஒரு பத்து நிமிடத்தைக் கையிருப்பாக வைத்தால் ஒரு மணி நேரம் சரியாக வந்துவிட்டது. மாணவி சொன்னதே சரி; ஆசிரியர் சொன்னது தவறு.

காற்றும் கடிகாரமும்

இவ்விடத்தில் காற்றைப் பற்றியும் ஒரு சொல். போகும்போது முதுகில் தள்ளும் காற்று, வரும்போது முகத்தில் அடிக்கும். “போனதும் வந்ததும் சமமாகிவிடும்” என்று நாம் எண்ணுகிறோம். சமமாகாது. சராசரி வேகம் 400 கிலோமீட்டர் என்றும் வழிநெடுகக் காற்று 40 கிலோமீட்டர் என்றும் கொள்வோம். காற்றில்லாவிட்டால் 184 கிலோமீட்டருக்கு 27.6 நிமிடம், இருவழிக்கும் 55.2. காற்றோடு போனால் 25.1 நிமிடம், காற்றை எதிர்த்தால் 30.7 நிமிடம், கூட்டினால் 55.8. காற்று எந்நாளும் இருவழிப் பயணத்தில் சிறிது நேரத்தைத் தின்றே தீரும். எதிர்காற்றில் நாம் அதிக நேரம் இருக்கிறோம் என்பதே இதன் காரணம்.

கடிகாரத்தில் சிக்கல் ஏதுமில்லை. இந்தியாவும் இலங்கையும் கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னதாக ஒரே நேரத்தைப் பின்பற்றுகின்றன. 1996 முதல் 2006 வரை இலங்கை தன் கடிகாரத்தை மாற்றி வைத்திருந்தது. பின்னர் பழையபடியே திரும்பிவிட்டது. எனவே புறப்படும் நேரத்தைச் சேரும் நேரத்திலிருந்து கழித்தாலே பயண நேரம் கிடைக்கும். ஆனால் சூரியன் நம் கடிகாரத்தை மதிப்பதில்லை. ஒரு பாகைத் தீர்க்கத்துக்கு நான்கு நிமிடம் என்ற கணக்குப்படி, யாழ்ப்பாணத்தின் உச்சிப்பொழுது திருச்சியினுடையதைவிட ஐந்தரை நிமிடம் முந்தியது. அவ்வளவே வேறுபாடு.

வீட்டிலிருந்து வீடு வரை

விமானம் ஒரு மணி நேரம் என்றாலும் பயணிக்கு அது ஒரு மணி நேரம் அன்று. வீட்டிலிருந்து நிலையத்துக்கு அரை மணி. வெளிநாட்டுப் பயணம் ஆதலால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பெட்டிகளை எடை போடுதல், கடவுச்சீட்டுச் சோதனை, பாதுகாப்புச் சோதனை ஆகியவை அதற்குள் அடங்கும். பறப்பு ஒரு மணி. இறங்கியபின் குடிவரவுச் சோதனை, சுங்கம் ஆகியவற்றுக்கு முக்கால் மணி. பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரம் செல்ல மேலும் முக்கால் மணிக்குச் சற்றுக் குறைவு. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

184 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் என்றால், சராசரி வேகம் மணிக்கு 31 கிலோமீட்டர். நம் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து புறப்படும் நகரப் பேருந்து சாலை காலியாக இருந்தால் இந்த வேகத்தில் போகும். மணிக்கு 510 கிலோமீட்டர் பறக்கும் இயந்திரத்தை மனிதனின் நடைமுறைகள் நகரப் பேருந்தின் வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பாதுகாப்புக்கு அவை தேவை. ஆனால் பயண நேரத்தின் பெரும்பகுதி வானத்தில் இல்லை, தரையில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது.

நேற்றைய வழிகள்

கணக்கு இவ்வளவில் முடிந்திருக்கலாம். ஆனால் ஓர் ஐயம் எழுந்தது. இந்த 184 கிலோமீட்டர் எப்போதும் இருந்ததுதானே? முன்பெல்லாம் மக்கள் எப்படிப் போனார்கள்?

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் விமானப்படையால் அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அது டக்கோட்டா என்னும் டி.சி. 3 வகை. பின்னாளில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலும் விமானங்கள் பறந்தன. டக்கோட்டாவின் வேகம் மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர். அந்த வேகத்தில் 184 கிலோமீட்டரைக் கடக்க 37 நிமிடம். முக்கால் நூற்றாண்டுக்கு முந்தைய இயந்திரமே இந்தக் கடலை முக்கால் மணிக்குள் தாண்ட வல்லது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏர் சிலோன் 1979இல் முடிவுக்கு வந்தது. பிறகு 1983 கலவரமும், அதைத் தொடர்ந்த நீண்ட போரும் வந்தன. 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப் படையின் விமானங்கள் பலாலியில் இறங்கின. ஆனால் அவை பயணிகளுக்கானவை அல்ல. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணம் செல்ல வேண்டியவர், முதலில் கொழும்புக்குப் பறக்க வேண்டும். அது 417 கிலோமீட்டர். அங்கிருந்து வடக்கே சாலை வழியாக இன்னும் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். போர்க்காலத்தில் அச்சாலையும் மூடப்பட்டிருந்த ஆண்டுகள் பல. யாழ்தேவி ரயில் 1990இல் நின்று, 2014 அக்டோபரில்தான் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. 184 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஊருக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் சுற்ற வேண்டும். விடியலில் புறப்பட்டால் இரவாகும்.

போர் 2009இல் முடிந்தது. 2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் சென்னைக்கு விமானம் ஓடத் தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றால் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. கடல்வழியில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. அது ஏறத்தாழ 110 கிலோமீட்டர்; நான்கு மணி நேரம். அதன்பிறகே 2025 மார்ச்சில் நம் திருச்சி விமானம்.

கணக்கில் வராத நேரம்

இக்கணக்குகளையெல்லாம் ஒரு தாளில் எழுதி, மறுவாரம் அந்த மாணவியிடம் கொடுத்தேன். “ஏன் அம்மா, யாழ்ப்பாணம் போகப் போகிறாயா?” என்று விசாரித்தேன்.

“நான் இல்லை சார். எங்கள் அம்மம்மா கேட்டார்” என்றாள். அப்போதுதான் அவள் கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வருபவள் என்று எனக்குத் தெரிந்தது. மூன்றாண்டு அவளுக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். வருகைப் பதிவேட்டில் பெயரைக் கூப்பிட்டதோடு சரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். கொட்டப்பட்டு நம் விமான நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. இறங்கும் விமானங்கள் நன்றாகத் தெரியும். அந்த மூதாட்டி எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். வாசலில் நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, “இருங்கோ தம்பி” என்றார். நான் தாளைப் பிரித்துக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டினேன்.

“பலாலியோ? எங்கடை ஊர் மயிலிட்டி தம்பி. பலாலிக்குப் பக்கத்திலைதான்” என்றார்.

மயிலிட்டி, பலாலியை ஒட்டிய மீனவர் ஊர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, பலாலித் தளத்தைச் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் அனைவரும் வெளியேற நேர்ந்தது. அப்பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. போர் முடிந்த பின்னரே நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டியின் ஒரு பகுதி 2017இல் விடுவிக்கப்பட்டது.

நான் அதிர்ந்துபோனேன். நிலப்படத்தில் நான் இழுத்த கோட்டின் இரு முனைகளும் இந்த ஒரு பெண்மணியின் இரண்டு வீடுகள். ஒரு விமான நிலையத்துக்கு அருகில் பிறந்த வீடு. மறு விமான நிலையத்துக்கு அருகில் முகாம் வீடு.

“நீங்கள் வருவதற்கு எவ்வளவு காலம் ஆயிற்று, அம்மா?” என்று கேட்டேன்.

“ஆனியிலை வெளிக்கிட்டனாங்கள். ஐப்பசியிலைதான் இஞ்சை வந்து சேந்தது” என்றார். உறவினர் வீடு, பள்ளிக்கூடம், கோயில் மண்டபம் என்று தங்கித் தங்கி மன்னார்க் கரைக்கு வந்து, இரவில் படகேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு திருச்சி. 184 கிலோமீட்டருக்கு நான்கு மாதம். வந்த வழியைச் சொல்லும்போது அவர் அழவில்லை. யாரோ ஒருவரின் பயணத்தைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு, “இப்ப ஒரு மணித்தியாலம் எண்டு பிள்ளை சொல்லுது. மெய்யோ தம்பி?” என்று கேட்டார்.

“மெய்தான்” என்றேன். ஆனால் அவ்விடையும் என் 22 நிமிடம் போன்றதே என்பதை அப்போதே உணர்ந்தேன். படகில் வந்தவரிடம் கடவுச்சீட்டு இல்லை. திரும்பிச் செல்ல இலங்கைத் துணைத் தூதரகத்தின் பயண ஆவணமும், நாட்டைவிட்டு வெளியேற நம் அரசின் அனுமதியும் வேண்டும். அங்கே சென்றால் தங்க வீடு வேண்டும். விட்டுவந்த வீடு இருக்கிறதோ இல்லையோ. இங்கே மகளும் பேத்தியும் இருக்கிறார்கள். பேத்திக்குப் பட்டம் முடிக்க வேண்டும். விண்ணப்பம் எழுதுவதில் உதவுவதாகச் சொன்னேன். உதவியும் வருகிறேன். இக்கட்டுரை எழுதும் வரை அவர் புறப்படவில்லை. “ஒருக்காப் பாத்திட்டு வந்தாக் காணும்” என்கிறார். போய்த் தங்குவதன்று, பார்த்துவிட்டு வருவது. அந்த ஆசைக்கு அட்டவணையில் ஒரு மணி நேரம். ஆவணங்களில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல்.

முடிவாக

மாணவ நண்பர்களே! தொலைவு என்பது புவி நமக்குத் தந்தது. அது 1947இலும் 184 கிலோமீட்டர், 1990இலும் 184 கிலோமீட்டர், இன்றும் அதுவே. பயண நேரம் என்பதோ நாம் உண்டாக்குவது. இயந்திரம் ஒரு பங்கு, காற்றும் ஓடுபாதையும் ஒரு பங்கு, நிலையத்து நடைமுறைகள் ஒரு பங்கு. இவற்றையெல்லாம்விடப் பெரும்பங்கு, வழி திறந்திருக்கிறதா என்பதும் நம் கையில் தாள் இருக்கிறதா என்பதும். முதல் பங்கைப் பொறியாளர்கள் குறைத்துவிட்டார்கள். கடைசிப் பங்கைக் குறைப்பது மனிதர் பொறுப்பு.

அடுத்த முறை யாரேனும் உங்களிடம் “எவ்வளவு தூரம்?” என்று கேட்டால், அளவுகோலை எடுப்பதற்கு முன், “யாருக்கு?” என்று ஒருமுறை கேளுங்கள். என் வகுப்பில் இனி அந்தக் கணக்கை அப்படித்தான் தொடங்குவதென்று முடிவு செய்திருக்கிறேன்.